மதிப்பெண் எல்லாம் 7, இரவில் தனியாக விட மட்டும் தயக்கம்: குழந்தை மருத்துவ ரெசிடென்ட்களை எப்படி மதிப்பிடுவது?

குருத்து (கேள்வி)

வணக்கம். குழந்தை மருத்துவ ரெசிடென்ட்களின் (மேற்படிப்புப் பயிற்சி மருத்துவர்களின்) மதிப்பீட்டு முறையைத் திருத்தி எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. 12 ரெசிடென்ட்கள், 5 ஆசிரியர்கள். இப்போது நடப்பது இதுதான்: மூன்று மாதத்துக்கு ஒரு மினி-சிஇஎக்ஸ் (நோயாளியைப் பார்ப்பதை ஆசிரியர் நேரில் கவனித்து மதிப்பெண் போடுவது), செயல்முறைகளுக்கு லாக்புக் (எண்ணிக்கைப் பதிவேடு), ஆண்டு முடிவில் ஆஸ்கி (மேசைக்கு மேசை நகர்ந்து எல்லோரும் ஒரே பணிகளைச் செய்துகாட்டும் தேர்வு).

மினி-சிஇஎக்ஸ் படிவங்களைப் புரட்டினால் 9-க்கு 6 அல்லது 7 தவிர வேறு எண்ணே இல்லை. கருத்து எழுதும் கட்டத்தில் "நன்று", "இன்னும் படிக்க வேண்டும்". லாக்புக்கில் எல்பி (முதுகுத்தண்டில் ஊசி போட்டுத் திரவம் எடுப்பது) 15 என்று இருக்கிறது. அதில் எத்தனை தெளிவாக வந்தது, யார் பக்கத்தில் நின்றார்கள் என்ற விவரம் இல்லை. ஆனால் இரவு டியூட்டி பட்டியல் போட உட்காரும்போது, யாரைத் தனியாக விடலாம், யாரை விடக் கூடாது என்று எல்லா ஆசிரியருக்கும் தெரிந்திருக்கிறது. அது மட்டும் காகிதத்துக்கு வருவதில்லை.

ஒருவருக்கு ஆண்டுக்கு எத்தனை முறை நேரில் பார்த்தால் போதும்? எல்பி, பிறந்த குழந்தைக்கு மூச்சூட்டுவது போன்றவற்றை இனி தனியாகச் செய்யலாம் என்று எதை வைத்துச் சொல்வது? மருந்து அளவுக் கணக்கைத் தனியாகச் சோதிக்கிறீர்களா? பின்தங்குகிறவரை எப்போது, எப்படி உட்காரவைத்துப் பேசுவது? நடைமுறையில் ஓடக்கூடியதாகச் சொல்லுங்கள். நீளமான படிவம் எதையும் எங்கள் வார்டில் யாரும் நிரப்ப மாட்டார்கள்.

நேர்பார்வை

டியூட்டி பட்டியல் போடும்போது உங்கள் மனதில் ஓடுகிறதே, அந்தக் கேள்வியையே படிவத்தில் அச்சடித்துவிடுங்கள்.

9 புள்ளி அளவுகோலில் 1–3 போதாது, 4–6 போதும், 7–9 சிறப்பு என்பது கணக்கு. எதிரில் நிற்கும் ரெசிடென்ட்டின் முகத்தைப் பார்த்துக்கொண்டு 3 போட யாருக்கும் மனம் வராது. 6-ம் 7-ம் மரியாதைக்குப் போடும் எண்கள். அதற்குப் பதிலாக, நெதர்லாந்தின் மருத்துவக் கல்வியாளர் ஓலே டென் காட்டே 2005-ல் முன்வைத்த ஒப்படைப்பு முறையை எடுத்துக்கொள்ளுங்கள்; ஒரு வேலையை எந்த அளவு மேற்பார்வையோடு ஒருவரிடம் ஒப்படைக்கலாம் என்று பார்ப்பது அது. அதில் ஐந்து படிகள். பக்கத்தில் நின்று பார்க்கலாம், நான் அறையில் இருந்தால் செய்யலாம், கூப்பிட்டால் வரும் தூரத்தில் நான் இருந்தால் செய்யலாம், தனியாகச் செய்யலாம், அடுத்தவருக்கு மேற்பார்வை செய்யலாம். "இரண்டாம் படி" என்று எழுதுவது யாரையும் அவமதிப்பதாகாது. முதலாண்டில் எல்லோரும் அங்கேதான் இருப்பார்கள். அதனால் ஆசிரியர் உள்ளதை உள்ளபடி எழுதுவார்.

ஒப்படைக்கும் வேலையின் பெயர் திட்டமாக இருக்கட்டும். "மூச்சு மண்டலப் பரிசோதனை" என்றால் எதையும் குறிக்காது. "மூச்சுத்திணறலோடு வரும் 2 வயதுக்குட்பட்ட குழந்தையை முதல் ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்வது" என்றால் எல்லோருக்கும் ஒரே படம் கண்முன் வரும். இப்படி 12 முதல் 15 வேலைகள் போதும். ஐம்பது எழுதினால் படிவம் அலமாரிக்குப் போய்விடும்.

அடுத்து, முழு கேஸையும் பார்க்க முயலாதீர்கள். மினி-சிஇஎக்ஸுக்கு 15–20 நிமிடம் என்பார்கள்; ஓபி நாளில் அது கிடைக்காது. ஒரு துண்டை மட்டும், 5 நிமிடம் நின்று பாருங்கள். எந்தத் துண்டு என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். உதாரணமாக, இருமலோடு வந்த 8 மாதக் குழந்தையிடம் மூச்சுவிடும் வேகத்தை எடுப்பது. சின்ன விஷயமாகத் தெரியும். பக்கத்தில் நின்று பார்த்தால்தான் எத்தனை இடத்தில் நழுவுகிறது என்று புரியும். 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்குவார். குழந்தையின் மூச்சு சீராக இருக்காது என்பதால் ஒன்று விடுபட்டாலே கணக்கில் நான்கு குறையும், வேகமான மூச்சு என்று கொள்ளும் 50 என்ற எல்லைக்கு மேலே இருந்த குழந்தை கீழே வந்துவிடும். சட்டையைத் தூக்காமல் எண்ணுவார், விலாவுக்குக் கீழே உள்ளிழுப்பது கண்ணில் படாது. ஸ்டெதாஸ்கோப்பை வைத்து அழவைத்துவிட்டு அதன் பிறகு எண்ணுவார், அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. தாய் மடியில், குழந்தை அமைதியாக இருக்கையில், முழு 60 வினாடி. இதைச் சரியாகச் செய்கிறவரா என்று எந்த எழுத்துத் தேர்வும் சொல்லாது. எழுத்துத் தேர்வில் 2 மாதத்துக்குள் 60, 2 முதல் 11 மாதம் 50, அதற்கு மேல் 5 வயது வரை 40 என்று எல்லோரும் எழுதிவிடுவார்கள்.

கருத்துக் கட்டத்தில் கண்ணால் கண்டதை மட்டும் எழுதச் சொல்லுங்கள். "பரிசோதனை நன்று" வேண்டாம். "முழு நிமிடம் எண்ணினார், சட்டையை விலக்கினார், காதையும் தொண்டையையும் முதலில் பார்த்துக் குழந்தையை அழவைத்ததால் இதய ஒலி கேட்க முடியவில்லை" என்று எழுதினால், அடுத்த முறை பார்க்கும் ஆசிரியருக்கு எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரியும். ரெசிடென்ட்டுக்கும் நாளைக் காலை எதை மாற்றுவது என்று தெரியும். அதை அந்த மணி நேரத்துக்குள் சொல்லிவிட வேண்டும். மாதக் கடைசியில் சொன்னால் எந்தக் குழந்தை என்பதே அவருக்கு நினைவிருக்காது.

எண்ணிக்கை: ஆண்டுக்கு 4 போதவே போதாது. பிராங்கியோலைட்டிஸை (நுரையீரலின் சிறு மூச்சுக்குழல் தொற்று) நன்றாகப் பார்க்கிறவர் கீட்டோஅசிடோசிஸையும் (சர்க்கரை நோயில் ரத்தத்தில் அமிலம் கூடுவது) நன்றாகப் பார்ப்பார் என்று சொல்ல முடியாது. திறமை கேஸுக்குக் கேஸ் மாறும். ஆசிரியர்களிலும் கை தாராளமானவர் உண்டு, கறாரானவர் உண்டு. இரண்டும் சமன்பட ஒருவருக்குக் குறைந்தது 10 வேண்டும், அதுவும் வெவ்வேறு கேஸில், வெவ்வேறு ஆசிரியர் பார்த்ததாக. 12 பேருக்கு 120. ஐந்து ஆசிரியருக்கு ஆளுக்கு 24, அதாவது மாதம் இரண்டு. 5 நிமிடத் துண்டுகள் என்றால் இது முடியும் காரியம்தான். யாரைப் பார்ப்பது என்று ஆசிரியருக்குப் பட்டியல் போட்டுக் கொடுங்கள். விட்டுவிட்டால் கெட்டிக்கார ரெசிடென்ட்டையே எல்லோரும் பார்ப்பார்கள், ஒதுங்கி நிற்பவர் ஒதுங்கியே நிற்பார்.

ஊசிமுனை

செயல்முறை பற்றி நான் சொல்றேன். லாக்புக் எண்ணை வெச்சு யாரையும் தனியா விடாதீங்க. 15 எல்பி போட்டவர் ஒரே தப்பை 15 தடவை செஞ்சிருக்கலாம்.

பிறந்த குழந்தைக்கு எல்பி எடுத்துக்குவோம். பார்க்கிறவர் ஊசியையே பார்த்துட்டு இருப்பார், ஆனா தப்பு பாதி ஊசிக்கு முன்னாடியே நடந்திடும். முதல்ல, போடலாமான்னு முடிவெடுக்கிறது. ஷாக், நிலையில்லாத மூச்சு, மண்டை அழுத்தம் கூடின அடையாளம், ரத்தம் உறையாத கோளாறு, ஊசி போடும் இடத்துல தொற்று, இதையெல்லாம் யாரும் கேட்காமலே அவரே சொல்லணும். தள்ளிப்போட வேண்டியிருந்தா ஆன்டிபயாடிக்கைத் தள்ளிப்போடக் கூடாதுன்னும் சொல்லணும். ரத்த சர்க்கரை சாம்பிளை எல்பிக்கு முன்னாடியே எடுத்தாரான்னு பாருங்க. அப்புறம் எடுத்தா குழந்தை அழுது சர்க்கரை ஏறியிருக்கும், திரவத்துல இருக்கிற சர்க்கரையோட ஒப்பிட முடியாது.

அடுத்தது, பிடிக்கிறவர். பாதி எல்பி தோத்துப்போறது பிடியாலதான். இடுப்பும் தோளும் படுக்கைக்குச் செங்குத்தா இருக்கணும். முதுகு கொஞ்சம் முன்னாடி சாய்ஞ்சாலும் ஊசி நடுக்கோட்டை விட்டுப் போயிடும். வளைக்க வேண்டியது இடுப்பை, கழுத்தை இல்லை. கழுத்தை மடக்கினா பச்சைக் குழந்தைக்கு மூச்சுக்குழல் அடைபடும். ஆக்சிஜன் மானிட்டர் கால்ல மாட்டியிருக்கா, சத்தம் கேட்கிற மாதிரி இருக்கா, யார் அதைக் கவனிக்கிறாங்கன்னு ரெசிடென்ட் சொல்லிட்டுத்தான் கையுறை போடணும்.

இடம் எல்3–எல்4 அல்லது எல்4–எல்5, அதாவது கீழ்முதுகு எலும்புகளுக்கு நடுவுல உள்ள இடைவெளி. பச்சைக் குழந்தைக்குத் தண்டுவடம் பெரியவங்களைவிடக் கீழே முடியுது, அதனால மேலே போகக் கூடாது. 22 கேஜ் (ஊசியோட பருமன்), ஸ்டைலெட் (ஊசித் துளையை அடைக்கிற உள்கம்பி) உள்ள ஊசி. ஸ்டைலெட் இல்லாத ஊசி தோல் செல்லை உள்ளே தள்ளிடும், பிற்காலத்துல அது எபிடெர்மாய்ட் கட்டியா வளரலாம். படுக்கவெச்ச நிலையில ஊசியோட வெட்டுமுகம் மேல்கூரையைப் பார்க்கணும். பெரியவங்ககிட்ட கிடைக்கிற அந்த 'பொத்' உணர்வுக்காகக் காத்திருக்கிறதுதான் புதியவங்க செய்யும் பெரிய தப்பு. பச்சைக் குழந்தைகிட்ட அது பெரும்பாலும் தெரியாது. காத்திருந்தா முன்பக்க ரத்தநாளத்துல குத்தி ரத்தமா வரும். ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் போறது, ஸ்டைலெட்டை எடுத்துப் பார்க்கிறது, திருப்பிப் போட்டு மறுபடி போறது. திரவம் தானா சொட்டணும், சிரிஞ்ச் வெச்சு இழுக்கக் கூடாது. வெளியே எடுக்கறப்ப ஸ்டைலெட் உள்ளே இருக்கணும்.

இவ்வளவும் சரியா செஞ்சும் திரவம் வராமப் போகலாம். அப்ப பார்க்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு: எப்ப நிறுத்தறார்? ரெண்டு முயற்சிக்கு அப்புறம் ஊசியை அடுத்தவர் கையில குடுக்கிறவரை நான் நம்பித் தனியா விடுவேன். முதல் குத்துலயே எடுத்தும், ஆக்சிஜன் 80-க்கு இறங்கினது தெரியாம இருந்தவரை விட மாட்டேன். படிவத்துல இதுக்குன்னு ஒரு வரி இருக்கட்டும்.

எங்க கணக்கு: யாரும் எடுத்துக்கொடுக்காம மூணு முறை, அதை ரெண்டு வெவ்வேறு ஆசிரியராவது நேர்ல பார்த்திருக்கணும். அப்புறம்தான் நாலாம் படி. மூணுங்கிற எண்ணுக்குப் புனிதம் ஒண்ணும் இல்லை. நிறைய எல்பி நடக்கிற இடம்னா கூட்டிக்குங்க.

பிறந்த குழந்தைக்கு மூச்சூட்டறதை நிஜக் குழந்தைகிட்ட காத்திருந்து மதிப்பிட முடியாது, பொம்மைதான். நிமிஷத்துக்கு 40–60, நெஞ்சு ஏறுதான்னு பார்க்கிறது. ஏறலைன்னா மாஸ்க்கைத் திருத்தறது, தலையை நேராக்கறது, வாய், மூக்கை உறிஞ்சறது, வாயைத் திறக்கறது, அழுத்தத்தைக் கூட்டறது, கடைசியா மாற்று மூச்சுவழி. இந்த வரிசை யோசிக்காம வரணும். நெஞ்சு ஏறுற மாதிரி 30 வினாடி ஊட்டியும் இதயத்துடிப்பு 60-க்குக் கீழேன்னா நெஞ்சழுத்தம், 3 அழுத்தத்துக்கு 1 மூச்சு. அடிக்கடி தப்பாகிற இடம், நெஞ்சு ஏறாமலே அழுத்தத்துக்குத் தாவறது. தாவினதும் நிறுத்துங்க, "10 வினாடி பின்னாடி போய் மறுபடி செய்ங்க"ன்னு சொல்லுங்க. முழுசா முடிச்சுட்டு அரை மணி நேரம் பேசறதைவிட இது நல்லா கையில ஏறுது. இந்தத் திறமை சில மாசத்துல மங்கிடும். ஆண்டுக்கு ஒரு முழுநாள் பயிற்சிக்குப் பதிலா மூணு மாசத்துக்கு ஒருமுறை 15 நிமிஷம் வெச்சுக்குங்க.

தசமப்புள்ளி

மருந்து அளவைத் தனியாகத்தான் சோதிக்க வேண்டும். மற்ற எல்லாவற்றிலும் கெட்டிக்காரராக இருப்பவர் தசமப்புள்ளியில் தவறுவார். பத்து மடங்குப் பிழை குழந்தை மருத்துவத்தில் வருவதற்கு அறியாமை காரணமல்ல. பெரியவருக்கான ஒரே ஆம்பூலில் பச்சைக் குழந்தைக்குப் பத்து டோஸ் இருக்கும், பத்து மடங்கு போட்டாலும் சிரிஞ்ச் வித்தியாசமாகத் தெரியாது.

மாதம் ஒருமுறை 10 கேள்வி, 20 நிமிடம். கால்குலேட்டரும் வார்டு மருந்துக் கையேடும் கையில் இருக்கலாம், ஏனென்றால் நிஜத்தில் இருக்கும். ஒவ்வொரு கேள்வியிலும் ஒரு பொறி இருக்க வேண்டும். சில மாதிரிகள்:

8 கிலோ குழந்தை, பாரசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி. விடை 120 மி.கி. ஆனால் எத்தனை மி.லி.? சிரப் 5 மி.லி.-யில் 120 என்றால் 5 மி.லி., 250 என்றால் 2.4 மி.லி. எந்தச் சிரப் என்று கேட்காமல் "5 மி.லி." என்று எழுதியவருக்கு மதிப்பெண் இல்லை.

20 கிலோ குழந்தை, அனாஃபைலாக்சிஸ் (உயிருக்கு ஆபத்தான கடும் ஒவ்வாமை). அட்ரினலின் கிலோவுக்கு 0.01 மி.கி., தொடைத் தசையில்: 1 மி.லி.-யில் 1 மி.கி. உள்ள கரைசலில் 0.2 மி.லி. அதே குழந்தைக்கு இதயம் நின்றால் அதே 0.2 மி.கி. ரத்தக்குழாயில், பத்து மடங்கு நீர்த்த கரைசலில் 2 மி.லி. இரண்டையும் ஒரே தாளில் அடுத்தடுத்துக் கேளுங்கள். யாருக்கு எங்கே குழம்புகிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

10 கிலோ குழந்தை, அமாக்சிசிலின் நாளைக்குக் கிலோவுக்கு 90 மி.கி., இரு வேளையாக. வேளைக்கு 450. "வேளைக்கு 900" என்று எழுதுகிறவர் நாள் அளவையும் வேளை அளவையும் குழப்புகிறார்.

75 கிலோ இளைஞர், பாரசிட்டமால். கணக்குப்படி 1125 மி.கி. வரும், ஆனால் ஒரு வேளைக்கு 1 கிராமுக்கு மேல் கூடாது. எடையைப் பெருக்கிக்கொண்டே போகிறவர் இதில் மாட்டுவார்.

18 கிலோ குழந்தை, அன்றாடத் திரவம். முதல் 10 கிலோவுக்கு 1000, அடுத்த 8-க்கு 400, ஆக நாளைக்கு 1400 மி.லி., மணிக்குச் சுமார் 58. எந்தத் திரவம், எந்த நோயில் இதைக் குறைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

எழுதும் விதத்துக்கும் மதிப்பெண் உண்டு. 0.5 என்று எழுத வேண்டும், .5 கூடாது. 5 என்று எழுத வேண்டும், 5.0 கூடாது, புள்ளி மங்கினால் 50. மைக்ரோகிராமைச் சுருக்கி எழுதக் கூடாது.

தேர்ச்சி 10-க்கு 10. ஒன்று தவறினால் தண்டனை வேண்டாம், அடுத்த வாரம் வேறு தாளில் மறுபடி. எண்ணிக்கையைவிட எந்த வகைத் தவறு என்பதைக் குறித்துவையுங்கள். மூன்று மாதமாக ஒரே வகைத் தவறு செய்கிறவரின் மருந்துச் சீட்டை இன்னொருவர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகுதான் வார்டுக்குப் போக வேண்டும்.

மணியோசை

நேர்பார்வை சொன்னதோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். ஆனால் வார்டிலேயே எல்லாம் பார்த்துவிடலாம் என்று ஆஸ்கியைக் கைவிட்டுவிடாதீர்கள். வார்டில் எல்லோருக்கும் ஒரே கேஸ் கிடைக்காது. மருத்துவக் கல்வியாளர் ரொனால்ட் ஹார்டன் 1975-ல் ஆஸ்கியைக் கொண்டுவந்ததே அந்த அதிர்ஷ்டக் கணக்கைக் குறைக்கத்தான். அதே நேரம், அதிலிருந்து கிடைப்பது "செய்துகாட்ட முடிகிறது" என்பது மட்டுமே. தினமும் அப்படிச் செய்கிறாரா என்பது திறமையை அடுக்கடுக்காகக் காட்டி மில்லர் 1990-ல் வரைந்த பிரமிடில் அதற்கு மேல் அடுக்கு. அதற்கு உங்கள் 120 துண்டுகள்தான் வேண்டும்.

குழந்தை மருத்துவ ஆஸ்கியில் நோயுற்ற குழந்தையை மேசைக்கு மேசை தூக்கிக்கொண்டு போவது நியாயமில்லை. ஐந்தாவது ரெசிடென்ட் வருவதற்குள் குழந்தை அழுது களைத்துவிடும், தேர்வும் சமமாக இருக்காது. பெற்றோரின் ஒப்புதலோடு எடுத்த வீடியோ போதும்: முனகலோடு மூச்சு, வலிப்பு, நடை. பெற்றோராக நடிக்க ஆளைப் பழக்குங்கள். அவர் மூன்றாம் நிமிடத்தில் கேட்க வேண்டிய கேள்வியை எழுதிக்கொடுங்கள். உதாரணமாக, காய்ச்சல் வலிப்பு வந்த குழந்தையின் தாய், "இது வளர்ந்தால் மூளையைப் பாதிக்குமா?" என்பார். பதில் சொன்ன பிறகு, "மறுபடி வலிப்பு வந்தால் வீட்டில் என்ன செய்வீர்கள், சொல்லுங்கள்" என்று தாயிடமிருந்தே திருப்பிக் கேட்டாரா? என்னைப் பொறுத்தவரை அந்த மேசையின் பாதி மதிப்பெண் அதற்குத்தான்.

முழுக்க டிக் போடும் பட்டியல் வேண்டாம். ஒவ்வொரு வரியையும் ஒப்பிக்கிறவர் ஜெயிப்பார், நேராக விஷயத்துக்குப் போகும் அனுபவசாலி தோற்பார். பட்டியலோடு "தெளிவாகத் தேர்ச்சி, எல்லைக்கோட்டில், தேறவில்லை" போன்ற ஒட்டுமொத்தத் தீர்ப்பும் இருக்கட்டும். அந்தத் தீர்ப்புக்கு எதிரே பட்டியல் மதிப்பெண்ணைக் கோடாக வரைந்து, எல்லைக்கோட்டில் எந்த எண் விழுகிறதோ அதையே தேர்ச்சி எண்ணாக வையுங்கள். எல்லா மேசைக்கும் 50 விழுக்காடு என்பது வெறும் பழக்கம்.

குருத்து

எல்லோருக்கும் நன்றி. ஊசிமுனை சொன்ன "எப்போது நிறுத்துகிறார்" வரியை இன்றே சேர்த்துவிட்டேன். நான்காவது கேள்வி இன்னும் நிற்கிறது. பின்தங்குகிறவரிடம் யார் பேசுவது? எங்களில் யாருக்கும் அதை எழுத்தில் வைக்கத் துணிவில்லை.

நேர்பார்வை

துணிவு வராததற்குக் காரணம் தனி ஆளாக முடிவெடுக்க வைப்பதுதான். பார்க்கிறவர் ஒருவர், முடிவெடுப்பது குழு என்று பிரித்துவிடுங்கள். மூன்று பேர் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து, ஒவ்வொருவரைப் பற்றியும் வந்த துண்டுகளைச் சத்தமாகப் படியுங்கள். "எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை" என்பதைக் குழு ஏற்கக் கூடாது. ஆனால் காதில் போட்டுக்கொண்டு, அடுத்த மாதம் எந்த வேலையில் அவரைப் பார்ப்பது என்று முடிவு செய்யலாம்.

பேசுவதற்கு முன் எது குறை என்று பிரித்தறியுங்கள். தெரியாததா, தெரிந்தும் கை வராததா, வரிசைப்படுத்தத் தெரியாததா, பிறரோடு ஒத்துப்போகாததா? தூக்கம், உடல்நிலை, மனச்சோர்வு, வீட்டுச் சுமை இவற்றை முதல் கேள்வியாகவே கேளுங்கள். நன்றாக இருந்தவர் திடீரென்று சரிந்தால் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அங்கே வேண்டியது உதவி. மதிப்பீட்டுத் திட்டத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

திட்டம் போடுவதானால் 6 முதல் 8 வாரம், ஒரு குறி, அதிகம் போனால் இரண்டு. "அறிவை வளர்த்துக்கொள்ள வேண்டும்" என்று எழுதாதீர்கள். உதாரணமாக ஹேண்ட்ஓவர் (டியூட்டி மாறும்போது நோயாளிகளை அடுத்தவரிடம் ஒப்படைப்பது) தடுமாறுகிறவருக்கு ஐ-பாஸ் என்ற ஐந்து அம்ச வரிசை: எவ்வளவு தீவிரம், சுருக்கம், செய்ய வேண்டியவை, இரவில் என்ன ஆகலாம் – அப்படி ஆனால் என்ன செய்வது, கேட்டவர் திருப்பிச் சொல்வது. 2014-ல் வெளியான ஆய்வில் 9 குழந்தை மருத்துவப் பயிற்சித் திட்டங்களில் இதைக் கொண்டுவந்த பிறகு மருத்துவப் பிழைகள் 23 விழுக்காடு குறைந்தன. வாரம் இரண்டு ஹேண்ட்ஓவரை ஒருவர் நின்று கேட்கட்டும். பெரும்பாலும் விடுபடுவது நான்காவது: "காய்ச்சல் வந்தால் பாருங்கள்" என்பார். "38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ரத்தக் கல்ச்சர் எடுத்துவிட்டு என்னைக் கூப்பிடுங்கள்" என்று வர வேண்டும்.

பயிற்சி கொடுக்கிறவரே கடைசித் தீர்ப்பையும் சொல்லக் கூடாது. கூடவே நின்று பாடுபட்டவருக்குத் தேறவில்லை என்று எழுதக் கை வராது, ரெசிடென்ட்டும் அவரிடம் தெரியாததைத் தெரியாது என்று சொல்ல மாட்டார்.

ஊசிமுனை

ஒண்ணு சேர்த்துக்குங்க. நர்ஸ்களைக் கேளுங்க. ராத்திரி 3 மணிக்குக் கூப்பிட்டா எழுந்து வர்றாரா, வந்து குழந்தையைத் தொட்டுப் பார்க்கிறாரா, இல்ல போன்லயே ஆர்டர் குடுக்கிறாரான்னு அவங்களுக்குத்தான் தெரியும். ஆனா ஒருத்தரோட பேச்சை வெச்சு முடிவெடுக்காதீங்க. எட்டுப் பத்துப் பேர்கிட்டயாவது பேர் போடாம வாங்கி, சேர்த்துப் பார்த்துதான் குழுவுக்குக் கொண்டுபோகணும்.

குருத்து

உள்ளங்கை அளவு அட்டையாக மாற்றியிருக்கிறேன். ஐந்து வரி: எந்த வேலை, எந்தத் துண்டைப் பார்த்தேன், கண்ணால் கண்டது, அடுத்த முறை மாற்ற வேண்டியது ஒன்று, இன்றைக்கு எந்தப் படி. செயல்முறை அட்டையின் பின்பக்கம் மட்டும் ஆறாவதாக "எப்போது நிறுத்தினார்". மருந்துத் தாள் அடுத்த திங்கள் தொடங்குகிறது, முதல் தாளை ஆசிரியர்கள் ஐந்து பேரும் எழுதுகிறோம்.